நாடு இல்லாதவருக்கு நாற்காலி கிடையாது

இந்தச் செயலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஓய்வு பெற்ற பிறகும் இங்கே வந்து உட்காரும் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே வேலை பார்க்கச் சரித்திரம் தெரிய வேண்டுமா?" என்பதுதான். வேண்டாம். சரித்திரம் தெரிந்தவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, சண்டை போடவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முடிவு எடுக்க வைப்பதுதான் நம் தொழில். அதற்கு யாப்பு தெரிய வேண்டும். யாப்பு என்றால் செய்யுள் இலக்கணம் என்று நினைத்து ஒரு பிள்ளை ஓடியே போய்விட்டது. சங்கத்தின் சட்டதிட்டங்களைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

சங்கம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்து வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் சேர்ந்த சங்கம் என்று பெயர். ஆனால் அதில் ஒரு வரலாற்றாசிரியர் கூட நேராகச் சேர முடியாது. நாடுகள்தான் சேரலாம். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியக் குழு இருக்கும். அந்தக் குழுக்கள் அனுப்பும் பேராளர்கள் கூடினால் பொதுச் சபை. பெரிய நாடோ சின்ன நாடோ, ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. பொதுச் சபை ஒரு நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்கும்: தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர், இன்னும் சில அங்கத்தவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய மாநாடு. இடைப்பட்ட காலத்தில் குடும்பத்தை நடத்துவது நிர்வாக சபை. ஏதாவது ஒரு விஷயத்தை ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் ஆய்வுக்குழு ஒன்றை அமைப்பார்கள். அந்த ஆய்வுக்குழுவில் யார் உட்கார வேண்டும் என்றாலும் அவரவர் நாட்டுத் தேசியக் குழு பெயர் கொடுக்க வேண்டும்.

கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தீர்களா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, நுவரெலியாவில் அந்தக் கூட்டம் நடக்கும் வரைக்கும்.

நான் இலங்கை மலைநாட்டில், அட்டன் பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். சுருக்கெழுத்தும் இங்கிலீஷும் கைவசம் இருந்ததால் இலங்கைத் தேசியக் குழுவில் உதவிச் செயலாளர் வேலை கிடைத்தது. சுதந்திரம் வந்த கையோடு பிரஜா உரிமைச் சட்டமும் வந்தது. இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் ஒரே வீச்சில் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆனார்கள். எங்கள் அப்பாவிடம் கடை லைசென்ஸ், சொத்து உறுதிப் பத்திரம், பற்றுச்சீட்டு எல்லாம் பத்திரமாக இருந்ததால், விண்ணப்பம் போட்டு எங்களுக்குப் பதிவு கிடைத்தது. லயத்து வரிசைவீட்டில் இருந்தவனுக்கு எங்கே இருக்கும் உறுதி? அவன் நட்ட தேயிலை அவன் பெயரிலா இருக்கிறது?

அறுபதுகளின் தொடக்கத்தில் சங்கத்தின் நிர்வாக சபை ஆசியாவில் ஒரு முறை கூடலாம் என்று முடிவாயிற்று. கொழும்புப் புழுக்கத்துக்குப் பயந்த ஐரோப்பியப் பேராசிரியர்கள் நுவரெலியாவைக் கேட்டார்கள். ஒரு பெரிய ஹோட்டலைப் பிடித்தோம். நாற்காலி, மேசை, தட்டச்சு, தண்ணீர்க் குவளை, எல்லாம் என் பொறுப்பு.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்தான் பூரணம் டீச்சர்.

அவர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். டீச்சர் படித்து, பரீட்சை எழுதி, அதே தோட்டத்துக்கே திரும்பி வந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வயதானவர்களைப் பேச வைத்து டேப்பில் பதிவது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள், வழியில் பேதி கண்டு செத்த தாயைப் புதைக்காமல் விட்டு வந்தவர்கள், கங்காணி அடித்த அடியை முதுகில் வைத்திருந்தவர்கள். லயத்தில் கரண்ட் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிழவன் கிழவிகளை பஸ்ஸில் ஏற்றி அட்டனுக்குக் கொண்டு வருவார். எங்கள் கடை மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவில் பதிவு நடக்கும். மெஷின் எங்கள் சித்தப்பாவுடையது. றொசல்லயிலிருந்து வந்த ஒரு கிழவி தன் குரலைத் திரும்பக் கேட்டுவிட்டு, "அடி ஆத்தி! உள்ளுக்குள்ள யாருடி என் கதையச் சொல்றவ?" என்று மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. டேப்புகளை ஈரம் படாமல் பிஸ்கட் டின்களில் போட்டு மெழுகால் அடைத்து வைப்பார் டீச்சர். நகல் கிடையாது. நகல் எடுக்க இன்னொரு மெஷின் வேண்டும். அதற்கு எங்கே போவது?

எங்கள் தேசியக் குழுவில் இருந்த கொழும்புப் பேராசிரியர் ஒருவர் ஒரு முறை எங்கள் கடை மாடிக்கு வந்து அதைக் கேட்டார். கேட்டவர் உருகிப் போனார். நல்ல மனிதர், அதை மறைக்க மாட்டேன். "இதை நிர்வாக சபைக்கு முன்னால் வையுங்கள் அம்மா. கடல் தாண்டி வேலைக்குப் போனவர்களின் வரலாற்றுக்கு ஓர் ஆய்வுக்குழுவே அமைக்கலாம்" என்றார். டீச்சர் நாலைந்து வாரம் தூங்கினாரோ என்னவோ. முன்மொழிவை அவர் இங்கிலீஷில் எழுத, நான் தட்டச்சு செய்தேன்.

கூட்டத்தன்று காலை டீச்சர் டின்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வாயில் சேலை, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. தலைவர் எழுந்து நின்று கைகொடுத்தார். டேப் ஓடியது. றொசல்லக் கிழவி பேசினாள். மொழி புரியாதவர்களுக்கு டீச்சர் இங்கிலீஷில் இடையிடையே சொன்னார். டேப் முடிந்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. "இனி உறுப்பினர்கள் மட்டும் விவாதிப்பார்கள், கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று பொதுச் செயலாளர் மரியாதையாகச் சொன்னார். டீச்சர் டின்களை மேசையிலேயே விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

ஆய்வுக்குழு அமைக்கலாம் என்ற தீர்மானம் ஒரே மூச்சில் நிறைவேறியது. அடுத்தது, யார் யார் அதில் இருப்பது. தலைவர் சிரித்துக்கொண்டே, "செயலாளர் யார் என்று தேட வேண்டியதில்லை. அவர் வெளியில் உட்கார்ந்திருக்கிறார்" என்றார்.

பொதுச் செயலாளர் யாப்பைத் திறந்தார். அவர் அப்படிப்பட்ட ஆள். சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளிவைப்பதற்கும் ஒரு விதி வைத்திருப்பார் என்று நாங்கள் கேலி பேசுவோம். "பெயர் தேசியக் குழு வழியாக வர வேண்டும். இலங்கை?" என்று கொழும்புப் பேராசிரியரைப் பார்த்தார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "எங்கள் குழுவின் துணை விதிப்படி இலங்கைப் பிரஜைகளை மட்டுமே நாங்கள் பெயர் குறிக்கலாம். அந்த அம்மா பிரஜை இல்லை. முறைப்படி அவர் இந்தியக் குழுவுக்கு உரியவர்."

என் கையில் இருந்த பென்சில் நின்றுவிட்டது. எங்கள் மாடியில் உட்கார்ந்து, எங்கள் அம்மா போட்ட தேநீரைக் குடித்து, கண் கலங்கிய அதே மனிதர்!

"இந்தியா?" என்றார் பொதுச் செயலாளர்.

இந்திய அங்கத்தவரும் பெரிய படிப்பாளி. "அவர் இங்கே பிறந்தவர். எங்களிடம் பதிவு செய்துகொள்ளவில்லை. எங்கள் மண்ணை மிதிக்காத ஒருவரை நாங்கள் எப்படிப் பெயர் குறிப்பது? அவர் இலங்கைக் குழுவின் பொறுப்பு" என்றார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இவ்வளவு இதமாக, இவ்வளவு வருத்தப்பட்டுக்கொண்டு இடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் குரல் உயர்த்தவில்லை. யாரும் டீச்சரைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. எல்லார் முகத்திலும் அனுதாபம். "பெரிய பரிதாபம்" என்றார் ஒருவர். "செயலாளர் நாற்காலி இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்" என்றார் இன்னொருவர். மற்ற இடங்களுக்கு மளமளவென்று பெயர்கள் வந்தன. ஒருவர்கூடத் தேயிலைச் செடியைக் கிட்டப் போய்ப் பார்த்தவரில்லை. மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுத் தாலி கட்டும் நேரம் குறித்த கதைதான். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார். இல்லை. நிறைவேறியது. கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். பொதுச் செயலாளர் பக்கத்தைப் புரட்டினார். "முன்மொழிவோடு சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள் சங்கத்தின் உடைமை ஆகும். இந்த ஊர் ஈரத்தில் டேப்புகள் பூஞ்சணம் பிடித்துவிடும். நான் தலைமையகத்துக்கு எடுத்துப் போகிறேன்" என்று டின்களைத் தன் பக்கம் இழுத்தார். கெட்ட எண்ணம் இல்லை. நிஜமாகவே டேப்புகளுக்காகக் கவலைப்பட்டார்.

ஆள் வேண்டாம், அவர் சேர்த்து வைத்த குரல்கள் வேண்டும்! அந்தக் குரல்களில் சில அதற்குள் சுடுகாட்டுக்குப் போய்விட்டன. திரும்பப் பதிய முடியாது. கப்பலேறிப் போனால் டீச்சர் அதைக் கேட்பதற்கு எந்தக் கடவுச்சீட்டில் போவார்?

பிள்ளைகளே, இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. உதவிச் செயலாளருக்கு அந்த மேசையில் பேச உரிமை கிடையாது. நான் எழுந்து நியாயம் பேசியிருந்தால், "தம்பி, உட்காருங்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள், டின்கள் போயிருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் குறிப்பெழுதுகிறவனுக்கு ஒரே ஒரு உரிமை உண்டு. எப்படி எழுதட்டும் என்று கேட்கலாம். அதை எந்தத் தலைவரும் மறுக்க முடியாது.

"தலைவர் அவர்களே, குறிப்புக்காக ஒரு விளக்கம் வேண்டும்" என்றேன். "ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்டன என்று எழுதுகிறேன். எந்தத் தேசியக் குழு சமர்ப்பித்தது என்று போடட்டும்?"

தலைவர் கொழும்புப் பேராசிரியரைப் பார்த்தார். அவர் அவசரமாக, "நாங்கள் இல்லை. அவர் எங்கள் உறுப்பினர் இல்லை என்று இப்போதுதான் சொன்னேன்" என்றார்.

இந்திய அங்கத்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்படியானால் எந்த விதியின் கீழ் பெறப்பட்டது என்று எழுதுவது?" என்றேன். "தேசியக் குழு சமர்ப்பிப்பதைத்தான் சபை பெறலாம் என்று யாப்பில் இருக்கிறது."

பொதுச் செயலாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் யாப்பை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு மெதுவாக மூடினார்.

"பெறப்படவில்லை என்று எழுதுங்கள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெறப்படாத பொருள் சபையின் மேசையில் இருக்கக் கூடாது. உடனே வெளியே கொண்டுபோங்கள்" என்றார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. விதிப் புத்தகத்தைத் தின்று வளர்ந்த மனிதர் என்று அவரைக் கேலி செய்தவன் நான். டீச்சரை வெளியே நிறுத்தியவரும் அவர்தான், அவருடைய டின்களைக் காப்பாற்றியவரும் அவர்தான். விதியை நேசிக்கிறவனிடம் விதியைக் கொண்டுதான் பேச வேண்டும். கண்ணீரைக் கொண்டு போனால் அவனும் சேர்ந்து அழுவான். கதவைத் திறக்க மாட்டான்.

டின்களை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். டீச்சர் பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் சிப்பந்தி வைத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. டின்களைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"அவங்களுக்குப் புடிக்கலையா சார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. டின்களை மீட்டுவிட்ட பெருமையில் வந்தவன் அவற்றைத் தரையில் இறக்கி வைத்தேன்.

"ரொம்பப் புடிச்சுச்சு டீச்சர். குழு போட்டுட்டாங்க."

"அப்படியா!" அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அப்ப நான் உள்ள வரட்டுமா?"

சொன்னேன். இலங்கை என்ன சொன்னது, இந்தியா என்ன சொன்னது, டின்கள் எப்படி வெளியே வந்தன, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பாதி சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை, அதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

"எங்களப் பத்திக் குழு. அதுல நாங்க இருக்கப்படாது. அப்படித்தானே சார்?"

"அப்படித்தான் டீச்சர்."

"நம்ம கடை மாடில ஒக்காந்து அழுதாரே அந்த ஐயா, அவரா சொன்னாரு?"

நான் தலையை ஆட்டினேன். டீச்சர் அழவில்லை. டின் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முந்தானையால் சும்மாடு சுற்றி, பெரிய டின்னைத் தலையில் வைத்தார். மற்றவற்றை நான் தூக்கிக்கொண்டேன். அந்த ஹோட்டலின் முன்வாசல் வழியாகவே இருவரும் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். உள்ளே குறிப்பெழுத ஆளில்லாமல் என்ன ஆனார்களோ, நான் கேட்கவில்லை.

ஆய்வுக்குழு நடந்தது. நடந்தது என்றால், வருடா வருடம் ஏதோ ஓர் ஊரில் கூடியது. கையில் ஒன்றும் இல்லாமல் அறிக்கை எழுதியது. பிறகு, அறுபதுகளின் நடுவில், இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்தன. ஆடு மாடு பிரிக்கிறபோதுகூடக் கன்றைத் தாயோடு விடுவார்கள். இங்கே அதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பொதுச் செயலாளர் கொழும்பு வழியாக எங்கோ போனவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அத்தனை உற்சாகமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "உங்கள் ஆசிரியைக்கு வழி பிறந்துவிட்டது! அவர் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனால் அன்றைக்கே பெயர் கொடுப்பதாக இந்தியக் குழு எழுத்தில் தந்திருக்கிறது. அந்த நாற்காலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, தெரியுமா?" என்றார். உண்மை. விடாப்பிடியாக அதைக் காலியாகவே வைத்திருந்தார். நல்ல சேதி கொண்டுபோகிறவன் போலத்தான் நான் அக்கரப்பத்தனைக்கு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் என்ன சேதி கொண்டுபோகிறேன் என்பது உறைத்தது.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"அங்க போனா நாற்காலி கெடைக்கும்."

"ஆமா டீச்சர்."

"தோட்டத்த விட்டுட்டுப் போனாத்தான், தோட்டத்தப் பத்திப் பேசலாம்."

நான் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"லயத்துல இப்ப வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான் சார். அண்ணன் அங்க, தம்பி இங்க. எங்கம்மா ராவெல்லாம் ஒக்காந்து யோசிக்குது. நம்ம ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேந்துருவோம். உசுரோட இருக்கவங்களப் பங்கு போட்டாச்சு." துடைக்கும் துணியை உதறிவிட்டு அலமாரியைத் திறந்தார். டின்கள் வரிசையாக இருந்தன. "இதுல பேசுனவங்கள்ல பாதிப் பேரு செத்துட்டாங்க. அந்த றொசல்லப் பாட்டி போன மழைக்குப் போயிருச்சு. அவங்க எந்த நாட்டுக் கமிட்டில சேத்தின்னு ஒங்க பெரியவரக் கேட்டுச் சொல்லுங்க சார். அதத் தெரிஞ்சுக்கிட்டு நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதுறேன்."

திரும்பி வந்து அந்தக் கேள்வியை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், பொதுச் செயலாளருக்கு எழுதி அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினாலும் அடுத்த தபாலில் விதி எண்ணோடு பதில் போடுகிற மனிதர் அவர். நான் ஓய்வு பெறும் வரைக்கும் காத்திருந்தேன். பதில் வரவில்லை.